தசை இல்லாத வெள்ளணு எப்படி ஓடுகிறது?

வணக்கம் சார். பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். தசைச் சுருக்கம் நடத்தும்போது ஒரு மாணவி, "வெள்ளணுவில் தசையே இல்லையே மிஸ், அது எப்படிக் கிருமியைத் துரத்துகிறது?" என்றாள். அங்கேயும் ஆக்டின் என்ற புரதம்தான் என்றேன். மேலே விளக்க வரவில்லை.

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் சொன்னது சரிதான். ஹங்கேரியின் செகெத் நகரில் புருனோ ஸ்ட்ரௌப் 1942-வாக்கில் ஆக்டினைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தார், அதிலிருந்தே அது தசைப் பாடத்துக்குள் மாட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் ஈஸ்ட், அமீபா, செடி எல்லாவற்றிலும் ஆக்டின் உண்டு. முதலில் சொல்லவேண்டியது இதைத்தான் என்பது என் கட்சி.

தனி ஆக்டின் என்பது 375 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சின்ன உருண்டை. உருண்டைகள் கோத்துக்கொண்டால் சுமார் 7 நானோமீட்டர் தடிமனில் ஓர் இழை. வெள்ளணு கிருமியின் ரசாயனத்தை உணர்ந்ததும், அந்தப் பக்கச் சவ்வுக்கு அடியில் இழைகள் மளமளவென்று வளர்கின்றன. ஆர்ப்2/3 என்ற புரதக் கூட்டு பழைய இழையின் பக்கவாட்டில் ஏறக்குறைய 70 டிகிரி சாய்வில் புதுக் கிளையைத் தொடங்கிவைக்க, கிளைத்துக் கிளைத்து உருவாகும் அந்த வலைதான் சவ்வை முன்னால் தள்ளுகிறது. பின்னால் கோஃபிலின் என்ற இன்னொரு புரதம் பழைய இழைகளை வெட்டிப் போடும், உதிர்ந்த உருண்டைகள் மறுபடி முன்னால் போய்ச் சேரும். செல்லின் வால்பக்கத்தைச் சுருக்கி இழுக்கத்தான், தசையில் ஆக்டின் இழைகளை இழுக்கும் மோட்டார் புரதமான மயோசின் வருகிறது.

வளர்வதாலேயே ஒன்றைத் தள்ளிவிட முடியுமா, மோட்டார் வேண்டாமா என்று அந்தப் பெண் அடுத்துக் கேட்பாள், கேட்கவேண்டும். அதற்கு லிஸ்டீரியாவைச் சொல்லுங்கள். கிருமி கலந்த உணவு வழியாக வரும் இந்த பாக்டீரியா நம் செல்லுக்குள் புகுந்து, தன் மேற்பரப்பில் உள்ள ஆக்ட்ஏ என்ற புரதத்தால் நம்முடைய ஆர்ப்2/3-ஐயே தூண்டிவிட்டு, பின்புறம் ஆக்டின் வால் வளர வளர முன்னால் போய்க்கொண்டே இருக்கும், பக்கத்துச் செல்லுக்குள்ளும் நுழைந்துவிடும். 1999-இல் பிரான்ஸில் மரி-பிரான்ஸ் கார்லியேயின் குழு, ஆக்டினையும் சில துணைப் புரதங்களையும் மட்டும் சுத்தமாகப் பிரித்துக் கலந்து அதில் லிஸ்டீரியாவை விட்டது. மயோசின் துளியும் இல்லை, இருந்தும் அது நகர்ந்தது! இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

அப்புறம், 1950களில் டேவிட் ராஜர்ஸ் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் எடுத்த குறும்படம் இணையத்தில் கிடைக்கிறது, சிவப்பணுக்களுக்கு நடுவே ஒரு வெள்ளணு பாக்டீரியாவைத் துரத்துவது. வகுப்பில் போட்டு, வெள்ளணுவின் முன்விளிம்பை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். தசைச் சுருக்கத்தை அதற்கப்புறம் எடுத்தால் போதும்.