லினக்ஸில் நெட் வரவில்லையா? கேள்வி பதில்

கேள்வி: பிங் 1.1.1.1 (வெளியே இணையத்தில் உள்ள ஒரு சர்வர்) போகிறது, ஆனால் பிரவுசரில் ஒரு தளமும் திறக்கவில்லை. ரிசால்வ்.கான்ஃப் ஃபைலைத் திருத்தினால் சரியாகிறது. ரீபூட் செய்தால் பழைய கதைதான்.

பதில்: லைன் நன்றாகவே இருக்கிறது, கோளாறு தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸில்தான். அந்த ஃபைலில் 127.0.0.53 என்று இருந்தால், அது உங்கள் மெஷினுக்குள்ளேயே ஓடும் சிஸ்டம்டி-ரிசால்வ்டி என்ற டிஎன்எஸ் சேவையின் முகவரி. சிஸ்டம் தானே எழுதிக்கொள்ளும் ஃபைல் அது, கையால் எழுதியது நிலைக்காது. நெட்வொர்க் மேனேஜரில் உங்கள் கனெக்ஷனைத் திறந்து, ஐபிவி4 பகுதியில் டிஎன்எஸ் சர்வரின் முகவரியைக் கொடுங்கள்.

கேள்வி: கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை ஐகானே காணோம்.

பதில்: மெஷின் துவங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை வந்துவிட்டால், புதிய கர்னலுக்கு டிரைவர் கம்பைல் ஆகவில்லை என்று அர்த்தம். பிராட்காம் கார்டுகளில் இது அடிக்கடி நடக்கும். நெட் இருக்கும்போதே புதிய கர்னலுக்கான ஹெடர்ஸை இறக்கிவிடுங்கள். அது இல்லாமல், டிரைவரைக் கம்பைல் செய்யும் டிகேஎம்எஸ் வேலை செய்யாது.

கேள்வி: நெட் வரவில்லை. உதவுங்கள்.

பதில்: எங்கே நிற்கிறது? டெர்மினலில் ‘ஐபி ஏ’ கொடுங்கள், முகவரி இருக்கிறதா பாருங்கள். அப்புறம் ரௌட்டருக்குப் பிங், அப்புறம் 1.1.1.1, கடைசியாக ஒரு தளத்தின் பெயர். எந்தப் படியில் நின்றது என்று எழுதுங்கள்.

கேள்வி: புது கிராஃபிக்ஸ் கார்டு மாட்டினேன், வயர்டு நெட் போய்விட்டது!

பதில்: நெட்வொர்க் கார்டின் பெயர் மாறியிருக்கும். ஈஎன்பி3எஸ்0 என்பதில் ‘3’ பிசிஐ பஸ் எண். புதுக் கார்டு நுழைந்ததும் அது 4 ஆகியிருக்கலாம், உங்கள் கான்ஃபிக் ஃபைல் இன்னும் 3-ஐத் தேடுகிறது. ‘ஐபி லிங்க்’ பார்த்து மாற்றுங்கள்.

கேள்வி: அதனால்தான் சொல்கிறேன், பழைய ஈத்0 பெயரே மேல். எதற்கு இந்தத் தலைவலி?

பதில்: ஒரே கார்டு இருந்தால் சரி. கர்னல் துவக்க வரியில் நெட்.இஃப்நேம்ஸ்=0 போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கார்டு இருந்தால் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு ஈத்0 போய்விடலாம். ஃபயர்வால் விதி வேறு கார்டில் போய் உட்கார்ந்தால்? பஸ் எண்ணும் பிடிக்கவில்லையென்றால் மேக் முகவரிக்கு (கார்டுக்கே உரிய எண்) ஒரு பெயர் கட்டிவையுங்கள். அது எந்த ஸ்லாட்டுக்குப் போனாலும் மாறாது.

கேள்வி: எனக்கும் நெட் வரவில்லை. 169.254 என்று ஏதோ காட்டுகிறது.

பதில்: ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி பதில் தரவில்லை. கேபிள், ரௌட்டர் பாருங்கள்.

கேள்வி: எனக்கும் பெயர் மட்டும் திறக்கவில்லை. ரிசால்வ்.கான்ஃப்பை...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அந்த ஃபைலைத் தொடாதீர்கள்.

கேள்வி: பேசாமல் ஓஎஸ்ஸை மறுபடி போட்டுவிடவா?

பதில்: வேண்டாம். முதலில் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ கொடுங்கள். ஹார்ட் பிளாக் ‘யெஸ்’ என்றிருந்தால் வைஃபை சுவிட்ச் அணைந்திருக்கலாம், எத்தனை ஓஎஸ் போட்டாலும் வராது.