போதகர் பணியை விடும் சிலர் "சபையே வேறு மாதிரி இயங்க வேண்டும்" என்பது ஏன்?

போதகர் பணி என்றால் ஒரு கிறிஸ்தவ சபையை மேய்க்கும் பொறுப்பு: பிரசங்கம், ஜெபம், வீடு சந்திப்பு, திருமணம், அடக்கம், அப்புறம் கட்டடக் கணக்கும் கமிட்டிச் சண்டையும். எல்லாம் ஒரே தலையில். பலர் களைத்து விலகுகிறார்கள். சிலருக்கோ களைப்பைவிட, சபை இப்படித்தான் இயங்க வேண்டுமா என்ற கேள்வி பெரிது. பைபிளில் எபேசியர் 4:12-இன்படி, விசுவாசிகளை ஊழியத்துக்குத் தயார்படுத்தத்தான் மேய்ப்பர். 1 கொரிந்தியர் 14:26-இல் கூடிவந்தவர்களில் ஒருவர் பாடுகிறார், இன்னொருவர் போதிக்கிறார். இன்றைய ஞாயிறு ஆராதனையோ பல இடங்களில், பயிற்சியாளர் தனியாக ஆட அணி கேலரியில் உட்கார்ந்து கைதட்டுவது மாதிரி. அதனால்தான் ஆதிக் கிறிஸ்தவத் தம்பதியான பிரிஸ்கில்லா, ஆக்கில்லா வீட்டில் கூடியதுபோன்ற சிறு சபைகளை நாடுகிறார்கள். (அங்கேயும் ஒருவரே பேசித் தீர்ப்பதுண்டு, அது வேறு கதை.) அப்போஸ்தலன் பவுல் கூடாரம் செய்ததுபோல வேறு வேலை பார்த்துக்கொண்டே ஊழியம் செய்பவர்களும் உண்டு.

சம்பளப் பதவியை விட்டவர் விசுவாசத்தையும் விட்டுவிட்டார் என்று முடிவுகட்டாதீர்கள், இரண்டும் ஒன்றல்ல.