அடுக்களைக் கேள்விகள்: எல்லோருக்கும் ஒரே சமையல்

கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் திருகோணமலை வீடுகளுக்கு விருந்தாளிகள் ஓய்வதில்லை. நிலாவெளி, புறாத்தீவு, கோணேசர் கோயில் என்று பகலெல்லாம் சுற்றிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு நம் வீட்டில்தான் உட்காருகிறார்கள். ஒருவருக்கு விரதம், ஒருவருக்கு நோய், ஒருவருக்குக் கொள்கை. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதைப் பற்றியவையாக இருந்ததால் வேறு கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

லண்டனிலிருந்து என் பெறாமகன் குடும்பத்தோடு வருகிறார். அவருடைய மனைவி பால், தயிர், நெய், முட்டை எதுவும் தொடமாட்டார். மகனுக்குச் சீலியக் நோய், கோதுமை கூடாது. அன்று வெள்ளிக்கிழமை என்பதால் என் மாமி வெண்காயமும் உள்ளியும் சேர்க்கமாட்டார். மூன்று சமையல் செய்ய எனக்கு உடம்பில் தெம்பில்லை. என்ன செய்யலாம்?
— வா.சி., உவர்மலை

மூன்று சமையல் வேண்டாம், தங்கச்சி. ஒரே சமையல் போதும். ஆனால் மேசைக்கு வரும் ஒவ்வொரு கறியும் அந்த மூவரும் உண்ணக்கூடியதாக இருக்கவேண்டும். பையனுக்கு மட்டும் மூடிவைத்த தனிக்கிண்ணத்தை நீட்டினால் அந்தப் பிள்ளை விருந்து முடியும்வரை நோயாளியாகத்தான் உட்கார்ந்திருப்பான். அதை நான் எந்த வீட்டிலும் பார்க்க விரும்பவில்லை.

சிவப்பரிசி மா இடியப்பம், தக்காளியும் முருங்கைக்காயும் போட்ட சொதி, பலாக்காய்க் கறி, முருங்கையிலை வறை, மாங்காய்ச் சம்பல். இவ்வளவுதான். தேங்காய்ப்பால் இருக்கும்போது பசுப்பாலும் நெய்யும் இல்லாத குறை தெரியாது. அரிசி மாவில் கோதுமைச் சத்தான குளூட்டன் கிடையாது. நம்முடைய பழைய இரவுச் சாப்பாடே உங்கள் விருந்தாளிகளுக்கு ஏற்றது; இடையில் நாம் சேர்த்துக்கொண்ட பழக்கங்களை மட்டும் அன்றைக்கு எடுத்துவிடுங்கள்.

முதலாவது, மா. நம் வீடுகளில் அரிசி மாவோடு அவித்த கோதுமை மாவைக் கலப்பது சாதாரணம். கடையில் வாங்கும் இடியப்பத்தில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்காமல் வாங்கவே கூடாது. சீலியக் நோய் உள்ளவர்களுக்குக் கோதுமை சிறிதளவு போனாலும் சிறுகுடலின் உட்சுவர் சேதமாகும். உடனே தும்மலோ தடிப்போ வராததால் ‘ஒன்றும் செய்யவில்லையே’ என்று நாம் நினைத்துவிடுவோம். ஆகவே மா மட்டுமல்ல, பாத்திரமும் சுத்தமாக இருக்கவேண்டும். இடியப்ப உரலைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். துளைகளுக்குள் போனமுறை பிழிந்த மா காய்ந்து கிடக்கும். அலுமினிய உரல் என்றால் சுடுநீரில் ஊறவைத்து, ஒவ்வொரு துளையையும் ஊசியால் குத்தி, தேய்த்துக் கழுவுங்கள். மர உரலை அன்றைக்கு எடுக்கவேண்டாம். மா அரிக்கும் அரிதட்டிலும் கோதுமை மா ஒட்டியிருக்கும். அரிசி மாவுக்கென்று ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். உழுந்து வடை இல்லாமல் என்ன விருந்து என்று யாராவது சொன்னால் சுடலாம், ஆனால் அதில் கோதுமை மா கலக்கக்கூடாது. ரவை என்பதும் கோதுமைதான் என்பதை மறக்கவேண்டாம்.

இரண்டாவது, பெருங்காயம். வெண்காயம் இல்லாத சமையலில் மணத்துக்காகக் கை தானாகவே பெருங்காய டப்பாவுக்குப் போகும். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத் தூள் பலவற்றில் கோதுமை மா சேர்க்கிறார்கள். மாமிக்காகப் போடும் பெருங்காயம் பேரப்பிள்ளைக்கு ஆகாது. டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். சந்தேகம் என்றால் விட்டுவிட்டு இஞ்சியைத் தட்டிப் போடுங்கள்.

மூன்றாவது, மாசி. சம்பலிலும் சொதியிலும் ஒரு சிட்டிகை மாசித்தூள் போடாவிட்டால் நம் ஊரில் பலருக்குக் கை ஓடாது. அது கருவாடு. உதவிக்கு வரும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

சொதிக்கு: இரண்டாம் பாலில் மஞ்சள், கீறிய பச்சைமிளகாய், கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி வெந்தயம், தட்டிய இஞ்சி, முருங்கைக்காய்த் துண்டுகள் போட்டு வேகவிடுங்கள். முருங்கைக்காய் பதமானதும் தக்காளி. தக்காளி குழைந்த பிறகு நெருப்பைக் குறைத்து முதற்பாலை விட்டு, அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே இருங்கள். சட்டியின் விளிம்பில் சிறு நுரை கட்டும். அந்த நேரத்தில் இறக்கவேண்டும். கொதிக்கவிட்டால் பால் பிரிந்து எண்ணெய் மேலே மிதக்கும். உப்பையும் தேசிக்காய்ப் புளியையும் இறக்கிச் சற்று ஆறிய பின் சேர்ப்பதுதான் முறை.

பலாக்காய்க் கறியில் தடிப்புக்கு வெண்காயத்தை நம்பவேண்டியதில்லை. ஒரு மேசைக்கரண்டி பச்சரிசியையும் ஒரு பிடி தேங்காய்ப்பூவையும் பொன்னிறமாக வறுத்து அரைத்துக் கடைசியில் கரைத்து விடுங்கள். குழம்பு திரண்டு, வறுத்த மணத்தோடு நிற்கும். தாளிதம் தேங்காயெண்ணெயில் இருக்கட்டும்.

விருந்துக்குச் சைவக்காரர் ஒருவரும் வருகிறார். விருந்தென்றால் மீன் இல்லாமல் எப்படி, வந்தவர்கள் குறையாக நினைப்பார்கள் என்கிறார் என் கணவர். நாங்கள் கடற்கரையில் இருப்பவர்கள். எப்படிச் சமாளிப்பது?
— ச.ம., திருக்கடலூர்

அண்ணனின் மனக்குறை எனக்குப் புரிகிறது. வலை இழுத்த கை, வந்தவருக்கு நல்ல பாரை மீனாகப் பார்த்துக் கொடுக்கத்தான் ஆசைப்படும். ஆனால் சைவக்காரர் ஒருவர் உட்காரும் மேசையில் ஒரு சட்டி மீன்குழம்பு இருந்தால் அவருடைய கண் முழுக்க அகப்பையில்தான் இருக்கும். எந்த அகப்பை எந்தச் சட்டிக்குள் போகிறது என்று பார்த்துக்கொண்டே அவர் எப்படி வயிறாரச் சாப்பிடுவார்? மீன் நாளைக்கும் கடலில் இருக்கும். அண்ணனிடம் ஒரு வேலையைக் கொடுங்கள்: நல்ல இளம் பலாக்காய் தேடிக் கொண்டுவரட்டும், கையில் எண்ணெய் பூசிக்கொண்டு அவரே வெட்டட்டும். தம்பலகாமத்து வயல் அரிசியில் சுடச்சுடச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, மொறுமொறுவென்று பொரித்த வாழைக்காய், பருப்பு, தேசிக்காய் ஊறுகாய் என்று இலையில் விழும்போது குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஒரே ஒரு எச்சரிக்கை: மோர்மிளகாய் தயிரில் ஊறியது. பால் விலக்கியவர் வருகிறார் என்றால் வெறும் செத்தல் மிளகாயைப் பொரியுங்கள்.

என்னோடு வேலை செய்யும் கிண்ணியா முஸ்லிம் நண்பரைக் குடும்பத்தோடு அழைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் மச்சம் சமைப்பதே இல்லை. அவர்களுக்கு வேறு ஏதாவது கவனிக்கவேண்டுமா?
— க.இ., பாலையூற்று

நல்ல காரியம், தம்பி. முன்பெல்லாம் கிண்ணியாவிலிருந்து இரவு விருந்துக்கு வந்து திரும்புவதென்றால் பாதை என்கிற மிதவைப் படகுக்குக் காத்திருக்கவேண்டும். 2009இல் பாலம் திறந்த பிறகு ஆறுதலாகச் சாப்பிட்டுப் போகலாம்.

இறைச்சியே இல்லாத வீட்டில் ஹலால் பற்றிய கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. மிச்சம் இருப்பவை சின்ன விஷயங்கள். ஜெலி, புடிங், மார்ஷ்மெலோ போன்றவற்றில் இருக்கும் ஜெலற்றின் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. அதைத் தவிருங்கள், உங்கள் வீட்டுச் சைவத்துக்கும் அதுவே நல்லது. வனிலாச் சாற்றில் மதுசாரம் இருப்பதுண்டு. ஏலக்காய் இருக்கும்போது அது எதற்கு? பெரிய பாத்திரங்களை இரவல் வாங்குகிறீர்கள் என்றால் அவற்றில் பன்றி இறைச்சி சமைத்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். இவற்றை நண்பரிடமே முன்னதாகச் சொல்லிவிடுங்கள்: “எங்கள் வீட்டில் சைவம்தான், ஜெலற்றினும் மதுசாரமும் எதிலும் இல்லை.” அந்த ஒரு வாக்கியம் அவர் மனைவி தயக்கமின்றிச் சாப்பிடப் போதும்.

சூரியன் மறைந்ததும் அவர்கள் மஃரிப் தொழவேண்டும். ஒரு சுத்தமான அறையையும் பாயையும் தயாராக வையுங்கள். தொழுது முடிந்த பிறகு சாப்பாட்டை எடுத்து வையுங்கள்.

என் சித்தப்பா நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர். பனங்கட்டிப் பாயசம் வைக்கலாமா? அது சீனியைப்போல் கெடுதல் இல்லை என்கிறார்களே?
— ந.ர., தம்பலகாமம்

வைக்கவேண்டாம். பனங்கட்டி, கித்துள் கருப்பட்டி, தேன் எல்லாமே இரத்தத்தில் சீனியை ஏற்றுபவைதான். ‘இயற்கையானது’ என்ற சொல்லை நம்பி வயதானவர்களுக்குக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது.

பாயசத்தைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை: நேரம். சாப்பாட்டுக்குச் சற்று முன் இன்சுலின் போடுகிறவர்கள் பலர். எட்டு மணிக்குச் சாப்பாடு என்று சொல்லிவிட்டு, கதை பேசி, படம் எடுத்து, ஒன்பதரைக்குப் பரிமாறினால் சித்தப்பாவுக்குச் சீனி இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுத் தடுமாறும். அவருக்கு விளங்கிக்கொள்ளும் நிலை இருக்கும்போதே மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, பிறகு சாப்பாடு கொடுக்கவேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அப்படியெல்லாம் ஆகாமல் இருக்க, சரியான நேரத்தைச் சொல்லுங்கள். சொன்ன நேரத்தில் தட்டை வையுங்கள். மற்றவர்கள் பிந்தினால் அவர் முதலில் சாப்பிடட்டும்.

தட்டில் முதலில் அவித்துத் தாளித்த கௌபி, வறை, கத்தரிக்காய் என்று போடுங்கள். பிறகு இடியப்பம், அவர் வழக்கமாகச் சாப்பிடும் அளவுக்கு. ‘இன்னும் ஒன்று’ என்று வற்புறுத்துவது நம் ஊர் அன்பு. அன்றைக்கு அந்த அன்பைக் கறியில் காட்டுங்கள்.

சோயா மீற் வைத்தால் வேலை சுலபம் அல்லவா?
— ஒரு வாசகி, சீனக்குடா

சுலபம்தான், நானும் வைத்திருக்கிறேன். சுடுநீரில் ஊறவைத்து நன்றாகப் பிழிந்த பிறகு கறியில் போடுங்கள். பிழியாவிட்டால் பச்சை வாசம் போகாது. பொதியோடு வரும் சுவைத்தூளைப் பயன்படுத்துமுன் அதில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். கோதுமை சேர்ந்த வகைகளும் உண்டு. இறைச்சியை மனத்தால் வெறுத்து விட்டவர்களுக்கு இறைச்சிபோல் தோன்றும் ஒன்றை வைப்பது எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. அவர்களுக்குப் பயறோ கடலையோ வையுங்கள்.

சிறுநீரக நோயாளி ஒருவர் விருந்துக்கு வருகிறார். மரக்கறிதானே, பயமில்லை என்று நினைக்கிறேன். சரியா?
— த.பா., கந்தளாய்

இல்லை. இந்த ஒரு நோயில் மட்டும் ‘மரக்கறிதானே’ என்ற நம்பிக்கை ஆபத்தானது. கீரை, வாழைப்பழம், வாழைக்காய், உருளைக்கிழங்கு, தக்காளி, தேங்காய்ப்பால், இளநீர் எல்லாவற்றிலும் பொற்றாசியம் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களில் பலருக்கு அது இரத்தத்தில் தேங்கி இதயத்தைப் பாதிக்கும். எவ்வளவு சேர்க்கலாம் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அவருடைய வைத்தியர் கொடுத்த உணவுப் பட்டியலைத் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அனுமதித்த மரக்கறியையும் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொற்றாசியம் ஓரளவு குறையும். உப்பு குறைவாக. நட்சத்திரப்பழம் என்று சொல்லும் காமரங்காயை எந்த வடிவத்திலும் கொடுக்கவே கூடாது. பழரசமாகக்கூட. அதிலுள்ள நச்சைச் சிறுநீரகம் பழுதானவர்களின் உடம்பு வெளியேற்றாது. மூளையைத் தாக்கி உயிருக்கே உலை வைக்கும்.

பால் இல்லை, முட்டை இல்லை, கோதுமை இல்லை, ஜெலற்றின் இல்லை. எங்கள் விருந்தாளியின் மகளுக்குக் கச்சான் ஒவ்வாமை வேறு. இனிப்புக்கு என்ன வைப்பது?
— ஜெ.அ., அன்புவழிபுரம்

கடற்பாசி. நோன்புக் காலத்தில் நம் முஸ்லிம் சகோதரிகள் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கடலில் விளையும் பாசியிலிருந்து எடுப்பது என்பதால் எல்லோருக்கும் ஆகும். வட்டிலப்பம் முட்டை சேர்ந்தது, ஆகவே அன்றைக்கு வேண்டாம்.

10 கிராம் இழைக் கடற்பாசியை அரைமணி நேரம் ஊறவைத்து, 600 மில்லிலீற்றர் தண்ணீரில் காய்ச்சுங்கள். அகப்பையைத் தூக்கினால் ஓர் இழைகூடத் தெரியக்கூடாது, அதுவரை கிண்டவேண்டும். சீனி கரைத்து வடிகட்டுங்கள். 400 மில்லிலீற்றர் தேங்காய் முதற்பாலை வேறு அடுப்பில் வெதுவெதுப்பாக்கி, ஏலக்காய்த் தூளும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து இதனோடு கலவுங்கள். குளிர்ந்த பாலை அப்படியே ஊற்றினால் கடற்பாசி அங்கங்கே கட்டியாகிவிடும், பிறகு எதுவும் செய்ய முடியாது. தட்டில் ஊற்றி வைத்தால் குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே உறையும். மின்சாரம் போனாலும் கவலையில்லை.

மேலே எதையும் தூவவேண்டாம். கச்சான் ஒவ்வாமை சில பிள்ளைகளுக்குச் சில நிமிடங்களிலேயே மூச்சை அடைக்கும். அன்று காலை கச்சான் வறுத்த தாச்சி, அதே அகப்பை, கச்சான் அல்வா வெட்டிய கத்தி எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள். மரமுந்திரிகையும் எள்ளும் அந்தப் பிள்ளைக்கு ஆகுமா என்று தாயிடம் தனித்தனியாகக் கேளுங்கள். அவசர ஊசிமருந்து கையில் கொண்டுவருகிறார்களா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள். கடற்பாசியை மாலை ஐந்து மணிக்கு ஊற்றி வைத்தால் எட்டு மணிக்குத் துண்டு போடலாம்.