ஆளில்லாத அறை உள்பக்கமாகப் பூட்டிக்கொள்வது எப்படி?

கேள்வி: வாடகைக்கு வந்திருக்கும் வீட்டில் படுக்கையறைக் கதவும் குளியலறைக் கதவும் உள்ளே யாரும் இல்லாதபோதே பூட்டிக்கொள்கின்றன. இரண்டு தடவை தச்சரைக் கூப்பிட்டு உடைத்துத் திறந்தாயிற்று. வீட்டுப் பெரியவர்கள் வேறு ஏதேதோ சொல்கிறார்கள். உண்மையான காரணம் என்ன, எப்படி நிறுத்துவது?

பதில்:

கதவு சாத்திக்கொள்வது ஒரு வேலை, பூட்டிக்கொள்வது வேறொரு வேலை. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் மர்மமாகத் தெரிகிறது. சாத்துவது பெரும்பாலும் காற்று. பூட்டுவது பூட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கோ, தாழ்ப்பாள் கம்பியின் எடையோ, முன்பு யாரோ அழுத்திவிட்டு எடுக்க மறந்த பொத்தானோ. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கதவில் என்ன வகைப் பூட்டு இருக்கிறது என்பதை.

குளியலறையிலும் படுக்கையறையிலும் உருண்டைக் குமிழ் வைத்த பூட்டு (கடையில் சிலிண்டரிக்கல் லாக் என்பார்கள்) இருந்தால், பத்துக்கு எட்டு முறை குற்றவாளி அதுதான் என்று தைரியமாகச் சந்தேகப்படலாம். இதில் பார்க்க ஒரே மாதிரியான, நடப்பில் வேறுபட்ட வகைகள் உண்டு. ஒன்று, உள்பக்கப் பொத்தானை அழுத்தினால் பூட்டும். உள்ளேயிருந்து குமிழைத் திருகியதும் பொத்தான் டக்கென்று வெளியே வந்து பூட்டு விடுபடும். இன்னொன்றில் பொத்தானை அழுத்தித் திருப்ப வேண்டும், அல்லது பொத்தானை மட்டும் திருப்ப வேண்டும். இந்த இரண்டாம் வகையில்தான் வம்பு. உள்ளே இருப்பவர் குமிழைத் திருகினால் கதவு திறந்துவிடும். ஆனால் பொத்தான் திரும்பியபடியே நிற்கும், வெளிக்குமிழ் பூட்டிய நிலையிலேயே இருக்கும். அவர் வெளியே வந்து கதவைச் சாத்தினாலோ, பின்னால் காற்று சாத்தினாலோ, உள்ளே ஆளே இல்லாமல் அறை பூட்டியிருக்கும். கடைசியாக வந்தவர் "நான் பூட்டவே இல்லை" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை; திறந்துகொண்டுதானே வெளியே வந்தார்!

உங்கள் பூட்டு எந்த வகை என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே செய்யுங்கள். பொத்தானை அழுத்துங்கள் அல்லது திருப்புங்கள். வெளிக்குமிழ் திரும்பாது. இப்போது உள்குமிழை ஒருமுறை முழுதாகத் திருகிவிட்டு, மறுபடி வெளிக்குமிழைத் திருப்பிப் பாருங்கள். திரும்பினால் முதல் வகை. திரும்பாவிட்டால் இரண்டாம் வகை. ஒவ்வொரு முறையும் பொத்தானை மீட்டுவிட வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிப் பார்க்கலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் அது நடக்கிற காரியமில்லை, மாற்றிவிடுங்கள்.

முதல் வகையும் யோக்கியமில்லை. கதவு முழுதாகத் திறக்கும்போது உள்குமிழ் சுவரிலோ, சுவர் ஓரத்து அலமாரியிலோ முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் நடுவில் துருத்தி நிற்கும் பொத்தான் தானே அழுந்திவிடும். அடுத்து ஒரு காற்று, அவ்வளவுதான். சுவரில் குமிழ் உயரத்தில் காசு அளவுக்குச் சுண்ணாம்பு பெயர்ந்த வட்டம் இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். (குமிழில் துண்டு மாட்டுவதும், கதவைத் துடைக்கும்போது கை படுவதும் இதே வேலையைச் செய்யும்.) தரையில் ஒரு டோர் ஸ்டாப்பர் அடித்தால் தீர்ந்தது. கீலுக்குப் பக்கத்தில் அடிக்காதீர்கள், கீலும் அதன் திருகுகளும் கழன்றுபோகும். கதவின் அகலத்தில் முக்கால் பங்கு தள்ளி, குமிழுக்கும் சுவருக்கும் இரண்டு அங்குலமாவது இடைவெளி நிற்கும்படி அடிக்க வேண்டும். காந்தம் வைத்ததாக வாங்கினால் கதவு திறந்த இடத்திலேயே நிற்கும், காற்றுத் தொல்லையும் சேர்ந்து குறையும்.

குமிழ்ப் பூட்டை மாற்றுவதாக இருந்தால் கடைக்குப் போகும் முன் மூன்று அளவு எடுங்கள்: கதவின் தடிமன், கதவு விளிம்பிலிருந்து குமிழின் நடுப்புள்ளி வரை உள்ள தூரம் (60 அல்லது 70 மி.மீ. இருக்கும்), குமிழ் உட்காரும் துளையின் விட்டம் (வழக்கமாக 54 மி.மீ.). 60-க்கு 70 வாங்கி வந்தால் துளையும் நாக்கும் (கதவு விளிம்பில் நீட்டி நின்று நிலைக்குள் நுழையும் துண்டு) ஒத்துவராது. தச்சர் உளி எடுப்பார், கதவு வீணாகும். பழையதைக் கழற்ற, உள்குமிழின் கழுத்தில் ஒரு சிறு ஓட்டை தெரியும். அதில் ஊசியால் அழுத்திக்கொண்டே குமிழை இழுத்தால் வந்துவிடும். அடியில் உள்ள வட்டத் தகட்டை நெம்பினால் இரண்டு நீளத் திருகுகள் தெரியும். குளியலறைக்குச் சாவியில்லாத, வெளிக்குமிழில் அவசரத் துளை உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். படுக்கையறைக்குப் பொத்தானே இல்லாத வெறும் குமிழும், ஆள் உயரத்தில் தனியாக ஒரு தாழ்ப்பாளும் போதும்.

தாழ்ப்பாள் என்றதும், அதுவும் தானாக விழும். ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. கதவின் தலைப்பக்கம் நிமிர்த்தி அடித்த தாழ்ப்பாளில் கம்பி மேலே போனால்தான் பூட்டும். அதன் எடை கீழே இழுப்பதால் திறக்கத்தான் பார்க்கும். அதே தாழ்ப்பாளைக் கதவின் காலடியில் அடித்தால் கணக்கு தலைகீழ். கம்பி இறங்கினால் பூட்டு. அதைத் தாங்குவது கம்பியின் பிடி பக்கவாட்டில் மடங்கி உட்காரும் சின்னப் பள்ளம் மட்டுமே. பள்ளம் தேய்ந்திருந்தாலோ, அவசரத்தில் பிடியைப் பாதி மடக்கி விட்டிருந்தாலோ, கதவு அடிக்கும் அதிர்ச்சியில் கம்பி நழுவித் தரைத்துளைக்குள் விழும். கதவைத் திறந்து வைத்து, கம்பியைத் தூக்கி மடக்கிவிட்டு, கதவு விளிம்பில் உள்ளங்கையால் ஏழெட்டு முறை ஓங்கித் தட்டுங்கள். இறங்கினால் மாற்ற வேண்டியதுதான். அதுவரை பிடி ஓடும் பிளவில், பிடிக்குக் கீழே, ஒரு ரப்பர்த் துண்டைத் திணித்து வையுங்கள். புதியதைக் காலடியில் அடிக்காமல் கதவின் நடுவில் படுக்கைவாட்டில் அடியுங்கள். படுத்த கம்பிக்கு எடையால் நகர வழியில்லை. பழைய வீடுகளில் உள்ள கொக்கியும் இப்படித்தான். அதிர்ச்சியில் எழும்பி வளையத்துக்குள்ளேயே விழும். தொங்கும்போது வளையத்தை எட்டாத இடத்துக்குக் கொக்கியை மாற்றினால் போதும்.

வெளிவாசலில் நைட் லாட்ச் இருந்தால் அது கெட்டுப்போகவில்லை, தன் வேலையைத்தான் செய்கிறது. சரிந்த முனையுள்ள நாக்கு, பின்னால் ஸ்பிரிங். சாத்தினால் பூட்டும், வெளியே சாவி வேண்டும். உள்ளே சின்ன நிறுத்துப் பொத்தான் ஒன்று இருக்கும். நாக்கை உள்ளே இழுத்து அதைத் தள்ளினால் நாக்கு அப்படியே நிற்கும். பால் பாக்கெட் எடுக்கவோ குப்பை போடவோ வெளியே வரும்போது அதைத் தள்ளிவிட்டு வாருங்கள். பொத்தான் தளர்ந்து அதிர்ச்சியில் நழுவினால் அதை நம்ப வேண்டாம். டிஜிட்டல் பூட்டுகளிலும் சாத்திய சில நொடிகளில் தானே பூட்டும் வசதி உண்டு, அமைப்பில் போய் அணைக்கலாம். அதோடு வரும் இரும்புச் சாவியை வீட்டுக்குள்ளேயே பத்திரப்படுத்துவதுபோல் அபத்தம் வேறில்லை. பால்கனியின் சறுக்குக் கதவில் தள்ளினாலே பூட்டும் வகை இருந்தால், துணி காயப்போடப் போகும்போது வழியில் ஒரு செருப்பைக் குறுக்கே போட்டுவிட்டுப் போங்கள்.

சில கதவுகள் பூட்டுவதே இல்லை, இறுகுகின்றன. நாம்தான் பூட்டியதாக நினைக்கிறோம். குமிழ் சரியாகத் திரும்புகிறது, ஆனால் கதவு வரவில்லை என்றால், மேல்மூலை, நடு, கீழ்மூலை என்று கையால் அழுத்திப் பாருங்கள். நடுவில் அசைந்து மேல்மூலை மட்டும் அசையாவிட்டால் அங்கே நிலையில் உரசுகிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் அகலவாக்கில் ஓரிரு மில்லிமீட்டர் உப்பும். கதவுக்கும் நிலைக்கும் விடும் இடைவெளியே மூன்று மில்லிமீட்டர்தான், அதில் பெயின்ட் இரண்டு தடவை ஏறியிருந்தால் மீதி என்ன இருக்கும்? மழையிலேயே இழைப்புளி போட்டால் சித்திரையில் இடைவெளி பல்லைக் காட்டும். தை பிறந்து மரம் காய்ந்தபின் உரசும் இடத்தை மட்டும் இழையுங்கள். அதைவிட முக்கியம், கதவின் தலைமேலும் காலடியிலும் உள்ள வெட்டு முகங்கள். தச்சர்களும் பெயின்டர்களும் கண்ணுக்குத் தெரியாத இந்த இரண்டையும் விட்டுவிடுவார்கள், ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். கதவைக் கழற்றி அங்கே இரண்டு கோட் அடித்தால் அடுத்த மழைக்குப் பாதித் தொல்லை இல்லை.

மேல்கீலின் திருகுகள் தளர்ந்து கதவு தொங்கினாலும் இதே கதைதான்: நாக்கு, நிலையில் அடித்த தகட்டின் துளையோரத்தில் மாட்டிக்கொள்ளும். கதவை லேசாகத் தூக்கிக்கொண்டு திருகினால் திறக்கிறது என்றால் இதுதான் காரணம். துளையில் ஃபெவிக்கால் தடவிய தீக்குச்சிகளைத் திணித்து, காய்ந்தபின் இரண்டு அங்குலத் திருகு போடுங்கள். கைப்பிடி மட்டும் வெறுமனே சுற்றி நாக்கு அசையாவிட்டால், கைப்பிடியின் கழுத்தில் உள்ள சிறு திருகு கழன்றிருக்கும். ஆலன் சாவியால் (அறுகோண முனையுள்ள வளைந்த கம்பி) இறுக்கலாம். பூட்டில் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அது தூசியைப் பிடித்துப் பிசினாகும், பிறகு ஸ்பிரிங் நாக்கைத் தள்ளவும் செய்யாது, இழுக்கவும் விடாது. சாவித்துளைக்குப் பென்சில் கரியைச் சுரண்டிய தூள், நாக்கின் சரிவுக்கு மெழுகுவர்த்தித் தேய்ப்பு, இவ்வளவுதான் தேவை.

இனி, கதவு ஏன் சாத்துகிறது என்பது. மூன்றடிக்கு ஏழடிக் கதவின் பரப்பு கிட்டத்தட்ட இரண்டு சதுர மீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக மோதினால் அந்தப் பரப்பில் ஏறக்குறைய இரண்டு கிலோ எடை அளவு தள்ளும். எண்ணெய் விட்ட கீலில் ஆடும் கதவுக்கு அதில் கால்வாசியே தாராளம். ஆடிக் காற்று வரைக்கும் போக வேண்டாம். ஜன்னல்களை எல்லாம் மூடிவிட்டுச் சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டாலே அது அறைகளிலிருந்து காற்றை இழுக்கும், அந்தப் பக்கமாகச் சாத்தும் கதவு மெல்ல நகரும். முன்வாசல் கதவை வேகமாக இழுத்தால் உள்ளறைக் கதவு டப்பென்று அடிப்பதும் இதனால்தான்.

காற்றே இல்லாமல் நகர்ந்தால் கீல்வரிசை செங்குத்தாக இல்லை. கதவைப் பாதி திறந்து விடுங்கள். எப்போதும் மூடவே போனால், கீல் ஓரமாகத் தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். மேல்கீல் பூட்டுப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். கீழ்க்கீலைக் கழற்றி, அதற்கும் நிலைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அட்டையை வைத்து மறுபடி முடுக்கினால் சாய்வு நேராகும். டோர் குளோசர் (கதவைத் தானே சாத்த மேலே மாட்டும் கருவி) இருந்தால் அதன் வேகத் திருகைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி மெதுவாக்கலாம். திருகை முழுதும் கழற்றிவிடாதீர்கள், உள்ளிருக்கும் எண்ணெய் கொட்டிவிடும், பிறகு அது குப்பைக்குத்தான்.

பூட்டிக்கொண்ட கதவை உடைக்காமல் திறக்க: குளியலறைக் குமிழின் நடுவில் சிறு துளை இருந்தால் நிமிர்த்திய ஜெம் கிளிப்பை நேராக உள்ளே அழுத்துங்கள். துளைக்குப் பதிலாகக் கீறல் இருந்தால் நாணயத்தால் திருப்பலாம். சாவித்துளை உள்ள குமிழ் என்றால், கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால், நாக்கின் சரிவு உங்கள் பக்கம் இருக்கும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமை நிலையின் வளைவைச் சுற்றி நுழைத்து, நாக்குக்கு மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே கதவைத் தள்ளுங்கள். வெளிப்பக்கம் திறக்கும் கதவில் சரிவு உள்ளே பார்த்திருக்கும், இது பலிக்காது. கைக்குழந்தையோ வயதானவரோ உள்ளே மாட்டியிருந்தாலும், அடுப்பு எரிந்துகொண்டிருந்தாலும் இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம். 101 அல்லது 112-ஐ அழையுங்கள். தீயணைப்புத் துறையினர் இதற்கும் வருவார்கள்.

ஒன்று மட்டும் மேலே சொன்ன எதிலும் அடங்காது. சாவி போட்டுச் சுற்றினால் மட்டுமே வெளிவரும் சதுரக் கட்டை உள்ள பூட்டு, காற்றுக்கும் அதிர்ச்சிக்கும் நகராது. அது பூட்டியிருந்தால் சாவி உள்ள ஒருவர் பூட்டியிருக்கிறார். வாடகை வீடு என்பதால் முன்பு குடியிருந்தவரிடமும் வீட்டுக்காரரிடமும் எத்தனை சாவி இருக்கிறதென்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு உள்ளிருக்கும் சிலிண்டரை (சாவி நுழையும் பகுதி) மட்டும் மாற்றினால் போதும், முழுப் பூட்டு தேவையில்லை. கதவு விளிம்பில் சிலிண்டருக்கு நேராக உள்ள ஒரே நீளத் திருகைக் கழற்றி, சாவியைப் போட்டுச் சற்றே திருப்பிப் பிடித்துக்கொண்டு இழுத்தால் சிலிண்டர் வெளியே வரும். அதையே கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். மொத்த நீளமும், நடுத்திருகிலிருந்து இரு பக்கமும் உள்ள நீளமும் ஒத்திருக்க வேண்டும்.