கொளுத்தும் வெயிலில் சோலார் ஏன் குறைவாகக் காட்டுகிறது?

கேள்வி: வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல் போட்டு நான்கு மாதம் ஆகிறது. நடுப்பகலில் வெயில் கொளுத்தும்போதுகூட இன்வெர்ட்டரில் 2.3 கிலோவாட்டுக்கு மேல் ஏறுவதில்லை. ஆனால் மழை பெய்து ஓய்ந்த மறுநாள், இதமான வெயிலில் 2.7 காட்டியது. பேனலில் கோளாறா, இல்லை தரம் குறைந்ததைத் தலையில் கட்டிவிட்டார்களா? உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கலாமா?

பதில்: கவலைப்படாதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு எண்களுமே பேனல் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்தான்.

‘வெயில்’ என்ற ஒரே சொல்லில் வெளிச்சத்தையும் சூட்டையும் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம் மட்டும். ஒளி சிலிக்கானில் விழும்போது அங்குள்ள எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடுகிறது. செல்லுக்குள் (பேனலில் வரிசையாகப் பதித்திருக்கும் சிலிக்கான் துண்டு ஒவ்வொன்றும் ஒரு செல்) இருக்கும் மின்புலம் அவற்றை ஒரே பக்கமாகத் தள்ளுகிறது. அந்த ஓட்டம்தான் மின்சாரம். இதில் சூட்டுக்கு வேலையே இல்லை. (தண்ணீர் காயவைக்கும் சோலார் வாட்டர் ஹீட்டர் வேறு சங்கதி, அதற்குச் சூடுதான் வேண்டும்.)

சூடு உதவாததோடு நிற்பதில்லை, கெடுக்கவும் செய்கிறது. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான சிலிக்கான் செல், தன் மேல் விழுந்த ஒளியில் சுமார் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. இன்று விற்கும் பேனல்கள் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. மீதி ஒளியில் பெரும்பகுதி பேனலிலேயே சூடாகத் தங்கிவிடுகிறது. அதனால் முழு வெயிலில் செல்லின் வெப்பநிலை, சுற்றியுள்ள காற்றைவிட 25, 30 டிகிரி கூடுதலாக இருக்கும். காற்று 35 டிகிரி என்றால் செல் 60ஐத் தாண்டும். சிலிக்கான் சூடாகச் சூடாக அதன் வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் இறங்கினால் வாட்டும் இறங்கும்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். அதிலுள்ள வாட் அளவு, சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, செல் 25 டிகிரி என்ற ஆய்வக நிலையில் எடுத்தது. மாடியில் அந்த இரண்டும் ஒன்றாக வாய்ப்பது அபூர்வம். 25க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல் 63 டிகிரி என்றால் 13 சதவீதம் போச்சு: 3 கிலோவாட் 2.6 ஆகிவிட்டது. இன்வெர்ட்டரும் வயரும் கொஞ்சம் தின்னும், கண்ணாடி மேல் தூசி கொஞ்சம் மறைக்கும். மிச்சம் உங்கள் 2.3க்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். மழைக்கு மறுநாள் தூசி கழுவப்பட்டிருந்தது, வானம் தெளிந்திருந்தது, பேனலும் குளிர்ந்திருந்தது. 2.7 வந்ததில் ஆச்சரியமில்லை.

அப்புறம், அந்தந்த நிமிடத்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஒரு நாளில் மொத்தம் எத்தனை யூனிட் என்று பாருங்கள், முடிந்தால் எழுதியும் வையுங்கள். அடுத்த வருடம் இதே மாதத்தோடு ஒப்பிட்டால்தான் உண்மை நிலவரம் தெரியும். வருடத்துக்கு அரை சதவீதம் அளவுக்குக் குறைவது இயல்பு.

என்னைக் கேட்டால், சூட்டைவிட நிழலுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். பேனலுக்குள் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இணைந்திருக்கின்றன. குழாயில் ஒரே இடத்தில் அடைப்பு விழுந்தால் மொத்தத் தண்ணீரும் குறைகிறதல்லவா, அதேபோல ஒரு செல் நிழலில் மாட்டினால் அந்த வரிசையே தடுமாறும். ஒரு வீட்டில் தினமும் காலை 9 மணிக்கு உற்பத்தி சட்டென்று சரிந்து, 10 மணிக்குத் தானாக மீண்டது. இன்வெர்ட்டரைத்தான் சந்தேகப்பட்டார்கள். மாடி ஏறி நின்று பார்த்தேன். ஆன்டெனா கம்பியின் நிழல், இரண்டு விரல் அகலம்தான், ஒரு பேனலின் குறுக்கே மெல்ல நகர்ந்து போனது. கம்பியை நான்கடி தள்ளி நட்டதும் சரியாகிவிட்டது. பேனலில் உள்ள பைபாஸ் டையோடுகள் நிழல் விழுந்த பகுதியை ஒதுக்கிவிட்டு மின்சாரத்தைச் சுற்றிவிடும் என்பது உண்மை. ஆனால் வழக்கமாக ஒரு பேனலுக்கு மூன்றுதான் இருக்கும். ஒன்று வேலை செய்தாலே அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். காய்ந்த இலையும் பறவை எச்சமும்கூட இதே தொல்லையைத் தரும். தினமும் ஒரே நேரத்தில் சரிவு வந்தால், முதலில் நிழலைத் தேடுங்கள்.

தண்ணீர் விஷயம்: உச்சி வெயிலில் வேண்டவே வேண்டாம். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம், உப்பு நீராக இருந்தால் வெள்ளைப் படலமும் படியும். சூரியன் ஏறுவதற்கு முன், பேனல் குளிர்ந்திருக்கும்போது மென்மையான துணியால் கழுவுங்கள். சோப்புத் தூளும் தேய்ப்பானும் கூடாது. சூட்டைக் குறைக்க நல்ல வழி, பேனலுக்கு அடியில் காற்றோட்டம். பேனலுக்கும் தளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பழைய சாமான்களை அடுக்கி வைத்திருந்தால், இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.