40 ஆம்பியர் வீட்டுக்கு மின்சார எஸ்யூவி: எந்தக் கார், எந்தச் சார்ஜர்?

கேள்வி: பீடோரில் பழைய ஒற்றை மாடித் தாமான் வீடு. வீட்டில் ஐந்து பேர், அம்மாவுக்கு முட்டி வலி. வேலை தெலுக் இந்தானில், போக வர 80 கிலோமீட்டர், மாதம் 22 நாள். மாதம் ஒரு முறை பத்துமலை, அது போக வர 250 கிலோமீட்டர். 120,000 ரிங்கிட்டுக்குள் ஒரு மின்சார எஸ்யூவி பார்க்கிறோம். இப்போது மாதம் 350 யூனிட் கரண்டு ஓடுகிறது. மெயின் சுவிட்சில் 40 ஆம்பியர் என்று இருக்கிறது, மீட்டர் அப்பா பெயரில். பெரிய லோடு தாங்கும் மூன்று ஃபேஸ் இணைப்பு இழுத்து 11 கிலோவாட் சார்ஜர் போட்டால்தான் சரிப்படும் என்கிறார் விற்பனையாளர். உண்மையா?

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு மூன்று ஃபேஸ் தேவையில்லை. காரைப் பேசுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

இந்த அளவு எஸ்யூவி நம் சாலைகளில் ஏர்கோண்டோடு 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 16 யூனிட் குடிக்கும். 80 கிலோமீட்டருக்கு 13 யூனிட். சார்ஜ் ஆகும்போது பத்தில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும் என்பதால் மீட்டரில் 14 யூனிட்டுக்கு மேல் ஓடும். இரவு பத்து மணிக்குச் செருகி காலை ஆறுக்குக் கழற்றினால் எட்டு மணி நேரம். 16 ஆம்பியரில், அதாவது 3.7 கிலோவாட்டில், அந்த நேரத்துக்குள் 29 யூனிட் ஏறிவிடும். உங்கள் தேவையைப் போல் இரண்டு மடங்கு. 11 கிலோவாட் சார்ஜர் அதே வேலையை ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்துவிட்டு விடியும் வரை சும்மா இருக்கும். அதற்காகச் சில ஆயிரம் ரிங்கிட் செலவழித்துக் கம்பத்திலிருந்து புது வயர் இழுப்பது வீண். இரவில் கார் வீட்டிலேயே நிற்காதவர்களுக்கும், ஒரே வீட்டில் இரண்டு மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கும் அது பொருந்தலாம்.

40 ஆம்பியர் மெயின் என்பதுதான் உங்கள் வீட்டின் எல்லைக்கோடு. 7 கிலோவாட் சார்ஜர் ஒன்றே 32 ஆம்பியர் இழுக்கும். அந்த நேரத்தில் யாராவது குளிக்கப் போய் வாட்டர் ஹீட்டரைப் போட்டால் இன்னும் 15 ஆம்பியர். மெயின் விழும். கார் 16-இல் நின்றால் ஹீட்டர், இரண்டு ஒரு குதிரைச் சக்தி ஏர்கோண்ட், குளிர்பெட்டி எல்லாம் சேர்ந்தாலும் 40-ஐத் தொடுவது அரிது. ஆகவே சார்ஜர் 7 கிலோவாட் மாடலாகவே இருக்கட்டும், ஆனால் பொருத்தும்போதே அதிகபட்சத்தை 16 ஆம்பியருக்கு அமைத்துத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான சார்ஜர்களில் இது செயலியிலோ உள்ளே இருக்கும் சிறு சுவிட்சிலோ மாற்றக்கூடியது. மெயின் வயரில் ஒரு சென்சாரை மாட்டி, வீட்டு லோடு ஏறும்போது தானே இறங்கும் வகைகளும் கிடைக்கின்றன. கொஞ்சம் விலை கூட என்றாலும் பழைய வீட்டுக்கு அதுவே நல்லது.

காரோடு வரும் கையடக்கச் சார்ஜரை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாதா என்று கேட்கத் தோன்றும். கணக்குக்கு முடியும். 10 ஆம்பியரில் எட்டு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்கான கரண்டு ஏறும். சிக்கல் அந்த மூன்று முனை பிளக்கில். கெட்டில் ஐந்து நிமிடம் 9 ஆம்பியர் இழுப்பதும், கார் எட்டு மணி நேரம் விடாமல் 10 ஆம்பியர் இழுப்பதும் ஒன்றல்ல. இருபது வருடப் பழைய சாக்கெட்டின் பித்தளை நாக்கு தளர்ந்திருக்கும், தளர்ந்த இடத்தில் சூடு, சூட்டில் இன்னும் தளர்வு, கடைசியில் பழுப்புக் கறையும் பிளாஸ்டிக் கருகும் வாசனையும். செருகி அரை மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்த வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது, சுருட்டிய நிலையில் இருந்தால் அது அடுப்புதான். கையடக்கச் சார்ஜர் காரின் பின்பக்கப் பூட்டில் கிடக்கட்டும், மாமியார் வீட்டுக்குப் போகும்போது உதவும்.

இப்போது வயரிங். எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்ற மின் குத்தகையாளரிடமே கொடுங்கள். வேலை முடிந்ததும் தகுதி பெற்ற வயர்மேன் கையெழுத்திட்ட போராங் ஜி, போராங் எச் என்ற இரண்டு படிவங்களையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது மேற்பார்வைக்கும் முடிப்புக்குமான சான்று, இரண்டாவது சோதனைச் சான்று. நாளைக்குத் தீ விபத்து என்று காப்புறுதிக்குப் போனால் இந்தத் தாள்கள் பேசும்.

அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. மீட்டர் பெட்டியிலிருந்து போர்ச் வரை தனி சர்க்கிட், வேறு எந்தச் சாக்கெட்டும் அதில் தொங்கக் கூடாது. செம்பு வயர் 6 சதுர மில்லிமீட்டர். 16 ஆம்பியருக்கு 4 போதும்தான், ஆனால் பின்னால் மெயினை உயர்த்தி 32-க்குப் போனால் சுவரை மறுபடியும் உடைக்க வேண்டாம். லோடு மீறினால் விழும் எம்சிபி சுவிட்ச் 16 ஆம்பியருக்கு 20, 32-க்கு 40. காரணம், கார் மணிக்கணக்கில் முழு லோடு இழுப்பதால் எம்சிபியே சூடேறித் தன் அளவுக்குக் கீழேயே விழும்.

கரண்டு கசிந்தால் விழும் ஆர்சிசிபி சுவிட்ச் விஷயத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருப்பது பெரும்பாலும் 100 மில்லி ஆம்பியர், ஏசி வகை. காரின் உள்சார்ஜரில் கோளாறு வந்தால் டிசி, அதாவது நேர் மின்னோட்டக் கசிவு ஏற்படலாம். அது ஏசி வகை ஆர்சிசிபியின் இரும்பு மையத்தை உறைய வைத்துவிடும், அப்புறம் உண்மையான ஷாக் வந்தாலும் அது விழாது. கார் சர்க்கிட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஏ வகை வேண்டும், கூடவே சார்ஜருக்குள் 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் பாகம் இருக்க வேண்டும். சார்ஜரில் அது இல்லையென்றால் பி வகை ஆர்சிசிபி, விலை பல மடங்கு. சார்ஜரின் விவரத்தாளில் இதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரியாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கார் சர்க்கிட்டை வீட்டு ஆர்சிசிபிக்குப் பிறகு எடுக்காமல், மெயினுக்கு அடுத்துத் தனியாகப் பிரிப்பது நல்லது. நம் பக்கம் இடி மின்னல் சொல்லிக்கொண்டா வருகிறது? நள்ளிரவில் வீட்டு ஆர்சிசிபி விழுந்தால் மீன் கெட்டுப்போவதோடு சேர்ந்து காரும் சார்ஜ் ஆகாமல் நிற்கும். மின்னலுக்காக சர்ஜ் புரொடெக்டர் ஒன்றும் போடுங்கள். அது எர்த் கம்பியை நம்பித்தான் வேலை செய்கிறது. கசிவு வந்த உடனே ஆர்சிசிபி விழவும் எர்த் நன்றாக இருக்க வேண்டும். மலேசிய வீடுகளில் எர்த் என்பது உங்கள் வாசலில் அடித்த அந்த ஒரு செம்புக் கம்பிதான். பழைய வீடுகளில் சிமெண்டு போடும்போது அதை வெட்டிவிட்டவர்கள் உண்டு. மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், 10 ஓமுக்குள் இருக்க வேண்டும். கூடினால் இன்னொரு கம்பி அடித்து இணைப்பார்கள்.

சின்ன விஷயம்: வயர் நுழையும் துளையை, வயரை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டு போட்டு அடைக்க வேண்டும். எறும்பும் பல்லியும் உள்ளே குடியேறினால் சார்ஜர் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும்.

டீலர் தரும் 'இலவசச் சார்ஜரில்' எத்தனை மீட்டர் வயர் அடங்கும், அதற்கு மேல் மீட்டருக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். பழைய வீடுகளில் மீட்டர் ஒரு பக்கம், போர்ச் மறுபக்கம் இருக்கும். சொந்தக் காசில் போட்டால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், சார்ஜர் வாங்கிப் பொருத்தும் செலவுக்கு 2027 மதிப்பீட்டாண்டு வரை 2,500 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு உண்டு.

பில்லுக்கு வருவோம். 22 நாள் வேலைக்கு ஓட மாதம் ஏறக்குறைய 320 யூனிட். 'யூனிட் 44 சென், 320 யூனிட், ஆகவே 142 ரிங்கிட்' என்று ஷோரூமில் கணக்குப் போடுவார்கள். அது தப்பு. 2025 ஜூலை முதல் அடிப்படைக் கட்டணம் 44.43 சென், அதிலிருந்து குறைவாகப் பயன்படுத்துவோருக்கு ஊக்கக் கழிவு. நீங்கள் 350 யூனிட்டில் நிற்கும்வரை யூனிட்டுக்கு 21 சென் கழிகிறது, பில் 82 ரிங்கிட் சுற்று. கார் வந்து மொத்தம் 670 ஆனால் கழிவு 5.5 சென்னாகச் சுருங்கும், அதுவும் எல்லா யூனிட்டுக்கும் சேர்த்து. 600-ஐத் தாண்டியதால் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும், தாண்டிய யூனிட்டுகளுக்கு 8 விழுக்காடு சேவை வரியும், மாதாமாதம் மாறும் எரிபொருள் சரிக்கட்டலும் சேரும். சரிக்கட்டலை விட்டுவிட்டால் பில் ஏறக்குறைய 275. அதாவது காருக்கு உண்மையில் 190 ரிங்கிட்டுக்கு மேல், யூனிட் 60 சென்.

அந்த 22 நாளுக்கு ஆகும் இதே 1,760 கிலோமீட்டரை 100-க்கு 8 லிட்டர் குடிக்கும் பெட்ரோல் எஸ்யூவியில் ஓட்டினால் 141 லிட்டர், அரசு மானியமான புடி95 விலை 1.99-இல் 280 ரிங்கிட். எரிபொருளில் மட்டும் மாதம் 90 ரிங்கிட் மிச்சம். எண்ணெய் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் போன்ற செலவுகள் போகும், அது தனி. பெட்ரோல் மிச்சத்திலேயே கார் தவணை கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நேரத்துக்கேற்ப விலை மாறும் திட்டத்தில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை கூடுதல், மற்ற நேரமும் வார இறுதியும் குறைவு. ஆனால் குறைவு யூனிட்டுக்கு 2.6 சென்தான், உச்ச நேரத்தில் 1.5 சென் கூடும். உங்கள் வீட்டுக்கு மாதம் பத்து ரிங்கிட்டுக்குள் மிஞ்சும். ஸ்மார்ட் மீட்டர் ஏற்கெனவே இருந்தால் மாறிக்கொள்ளுங்கள்.

கார். 120,000-க்குள் குடும்ப எஸ்யூவி என்றால் முதலில் பார்க்க வேண்டியது புரோட்டோன் இ.மாஸ் 7. முழுதாக இறக்குமதியாகும் மின்சாரக் கார்களின் வரி விலக்கு 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது, இங்கேயே பாகங்களைப் பூட்டித் தயாரிக்கப்படுபவைக்கு 2027 கடைசி வரை உண்டு. இ.மாஸ் 7 உங்களுக்குத் தெற்கே தஞ்சோங் மாலிமிலேயே பூட்டித் தயாரிக்கப்படுகிறது. 2024 டிசம்பரில் வந்தபோது பிரைம் 109,800, பிரீமியம் 123,800. பிரைமில் 49.52 யூனிட் பேட்டரி, டபிள்யூஎல்டிபி என்ற சோதனை முறைக் கணக்கில் 345 கிலோமீட்டர். பிரீமியத்தில் 60.22 யூனிட், 410 கிலோமீட்டர். பிஒய்டி அட்டோ 3-உம் இதே அளவு பேட்டரிதான், ஆனால் அதன் பெரிய வகைக்கு விளம்பரத்தில் 480 என்று பார்த்தால் அது என்இடிசி என்ற பழைய, தாராளமான சோதனை முறைக் கணக்கு. டபிள்யூஎல்டிபியில் 420. இரண்டு காரை ஒப்பிடும்போது ஒரே முறையில் அளந்த எண்ணா என்று பாருங்கள்.

ஐந்து பேர், ஏர்கோண்ட், ஹைவேயில் 110 வேகம் என்றால் அந்த எண்ணில் கால்பங்குக்கு மேல் கழித்துவிடுங்கள். பிரைம் 250, பிரீமியம் 295 என்று நில்லுங்கள். பத்துமலைக்குப் போக வர 250. பிரைமில் வழியில் நின்றே ஆக வேண்டும், பிரீமியத்தில் நிற்காமல் வரலாம். என் பரிந்துரை பிரைம்தான். மாதத்தில் ஒரு நாள் கால் மணி நேரம் ஹைவேச் சார்ஜரில் நின்றால் 80 கிலோமீட்டர் ஏறிவிடும். யூனிட்டுக்கு ஒரு ரிங்கிட்டுக்கு மேல் போகும் என்றாலும் சில பத்து ரிங்கிட்தான். அதற்காக 14,000 கூடுதலாகக் கொடுக்க வேண்டுமா? தைப்பூசத்தன்று மட்டும் விதிவிலக்கு, அன்று சார்ஜரில் வரிசை நிற்கும், முந்தின இரவு 100 விழுக்காடு வரை ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள், திரும்பும்போது ரவாங் தாண்டும்வரை காத்திருக்காமல் கிடைத்த இடத்தில் செருகுங்கள்.

பிரைம், பிரீமியம் இரண்டிலும் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி. வெயிலைத் தாங்கும், 80 விழுக்காட்டில் நிறுத்த வேண்டிய கட்டாயமில்லை. மாறாக வாரம் ஒரு முறை 100 வரை ஏற்ற வேண்டும். எல்எஃப்பியின் வோல்டேஜ் நடுவில் ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டமாக இருப்பதால், உச்சிக்குப் போனால்தான் மீதி எவ்வளவு என்பது காரின் கணினிக்குச் சரியாகத் தெரியும். வாரக்கணக்கில் 40-க்கும் 70-க்கும் இடையிலேயே ஓட்டினால் திரையில் 15 காட்டும்போதே கார் சோர்ந்துபோகலாம்.

வாங்கும் முன் அம்மாவை ஷோரூமுக்குக் கூட்டிப்போய்ப் பின்சீட்டில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். மின்சாரக் காரில் பேட்டரி தரைக்கடியில் இருப்பதால் கால் வைக்கும் தளம் உயர்ந்து, உட்கார்ந்தால் முட்டி மடங்கித் தூக்கிக்கொண்டு நிற்கும். பின்பக்கப் பூட்டைத் திறந்து ஸ்பேர் டயர் இருக்கிறதா பாருங்கள். பல மின்சாரக் கார்களில் இல்லை, பஞ்சர் பசை மட்டும் தருவார்கள். பக்கச்சுவர் கிழிந்தால் பசை உதவாது, செம்பனைத் தோட்டச் செம்மண் வழியில் அது நடக்கும். அடிப்பாகத்தைக் கல்லில் இடித்தால் சத்தம் இல்லையென்று விட்டுவிடாமல் பேட்டரிப் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். காப்புறுதியில் வெள்ளத்துக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும், தெலுக் இந்தான் பக்கம் ஓட்டுபவர் அதை மிச்சம் பிடிக்கக் கூடாது.

கார் வந்த பிறகு, செருகியும் ஏறவில்லை என்றால் முதலில் நேரக் கட்டளையைப் பாருங்கள். காரில் 'பத்து மணிக்குத் தொடங்கு' என்றும் சார்ஜர் செயலியில் 'பன்னிரண்டுக்கு' என்றும் வைத்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டிருக்கும். ஒன்றில் மட்டும் வையுங்கள்.

கடைசியாக அந்த மீட்டர். இப்போதைக்கு 16 ஆம்பியரில் ஓட்டுவதற்குத் மின் விநியோகிக்கும் தெனாகா நேஷனலிடம் மின்னளவு உயர்த்தக் கேட்க வேண்டியிருக்காது. பின்னாளில் மெயினை 63-க்கு உயர்த்தவோ மூன்று ஃபேஸுக்கோ உங்கள் குத்தகையாளர் மனுப் போடும்போது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்து வேண்டும். அப்பா இருக்கும்போதே கணக்கைப் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள், பிறகு என்றால் சொத்துக் காகிதங்களோடு அலைய நேரும்.