நிலவேம்பின் 333.2 பீக் ஜிஎன்பிஎஸ்-இல் சிக்காதது ஏன்?

ஜிஎன்பிஎஸ் என்ற பொது நிறமாலைத் தரவுத்தளத்தில் 333.2-ஐயே (m/z, அயனியின் எடை-மின்னூட்ட விகிதம்) தாய் அயனியாக, அதாவது உடைக்கும் முன் உள்ள அயனியாக வைத்துத் தேடியதால்தான் நிலவேம்பின் முக்கியச் சேர்மமான ஆண்ட்ரோகிராஃபோலைடு வரவில்லை. அதன் புரோட்டான் ஏறிய அயனி 351.2, அயனியாகும்போதே ஒரு தண்ணீர் கழன்று 333.2 ஆகிவிடும். பினாங்கில் ஹெம்பெடு பூமி (நிலவேம்பின் மலாய்ப் பெயர்) இலையை எல்சி-எம்எஸ்ஸில் (சேர்மங்களைப் பிரித்து எடை அளக்கும் கருவி) ஓட்டுகிறவர்கள் இதில் முட்டிக்கொள்வது சகஜம்தான்.

பீக் வந்த அதே நிமிடத்து எம்எஸ்1-ஐ (அயனிகளை உடைக்கும் முன் எடுத்த நிறமாலை) திறந்து, 351.2-உம் சோடியம் ஒட்டிய 373.2-உம் இந்த பீக்கோடு சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா பாருங்கள். இருந்தால் ஆண்ட்ரோகிராஃபோலைடாக இருக்கலாம், அனலாக் தேடலை (தாய் அயனி எடை மாறினாலும் ஒத்த நிறமாலையைத் தேடுவது) ஆன் செய்து மறுபடி போடுங்கள்.

373-க்குப் பதில் சோடியம் ஒட்டிய அயனியாக 355.2 தெரிந்து, பீக்கும் தாமதமாக வந்தால் அது 14-டீஆக்ஸி-11,12-டைடீஹைட்ரோஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற நெருங்கிய சேர்மமாக இருக்கலாம், அதன் சொந்த அயனியே 333.2, 333.2 என்ற எடையை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. நிறமாலைப் பொருத்த ஸ்கோர் (அதிகபட்சம் 1) 0.9 வந்தாலும், ஸ்டாண்டர்டு (தூய சேர்மம்) ஓட்டி பீக் வரும் நேரத்தை ஒப்பிடாமல் ஆய்வேட்டில் பெயர் எழுதிவிடாதீர்கள்.